கர்ப்பிணிகளும் மீனும்

(விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் கூடிய தாய்மார் கூட்டங்களில் தோழியர் ஒருவர் பேசியதன் சாரம்)



இன்றைய தினம் எனக்குக் கொடுக்கப்பட்டிருக்கும் விஷயம் "கர்ப்பிணிகள் மீன் சாப்பிடலாமா?" என்பதாகும். இது சமையற்கட்டு விஷயமாயிற்றே, இதற்கு ஒரு கூட்டமும் ஒரு பிரசங்கமும் வேண்டுமா என்று இங்கு வந்திருக்கும் ஆண் தோழர்களில் சிலர் நினைக்கக் கூடும். சமையற்கட்டில் நடப்பதை ஒருவரும் ஏன் என்று கேட்காமல் விட்டு விட்டதனால்தான் அங்கே இத்தனை மூடவழக்கங்கள் சௌக்கியமாய்க் குடியிருக்கின்றன. ஆகையால் இன்று அங்கேயே போய்ப் பார்ப்போம்.

முதலில் என் சொந்த விஷயத்தைச் சொல்லி விடுகிறேன். எனக்கு முதல் பிள்ளை வயிற்றில் இருந்தபோது, மூன்றாம் மாதம் முதற்கொண்டு மீனை நிறுத்தி விட்டார்கள். என் மாமியார் கெட்டவரல்ல. என்னிடத்தில் மிகவும் பிரியமுள்ளவர். பிரியத்தினாலேயேதான் நிறுத்தினார். "பிள்ளைக்குக் கரப்பான் வரும், உனக்குச் சூடு" என்றார். வீட்டில் மீன் வாங்காமல் இருந்தார்களா? இல்லை. என் புருஷர் சாப்பிட்டார், மாமனார் சாப்பிட்டார், மைத்துனர் சாப்பிட்டார். ஆக்கிப் போட்டவள் நான். ஒன்பதாம் மாதத்தில் இரத்தப் பரிசோதனை செய்தபோது, பதினொன்றுக்குக் குறையாமல் இருக்க வேண்டிய இரத்த அளவு ஏழரையில் நின்றது. இரத்தம் ஏற்றித்தான் பிரசவம் ஆயிற்று. மீனை நிறுத்தியதனால் மட்டுமே இரத்தம் குறைந்தது என்று நான் சொல்ல வரவில்லை. மீனோடு முட்டையும், முட்டையோடு கீரையும், கீரையோடு பப்பாளி முதல் எள்ளுருண்டை வரையிலும் நின்று போயின. கடைசியில் ரசமும் சாதமும்தான் மிஞ்சின.

இது என் ஒருத்தியின் கதை என்று நினைக்காதீர்கள். 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுக் கர்ப்பிணிகளில் நூற்றுக்கு ஏறக்குறைய 48 பேர் இரத்தசோகை உள்ளவர்கள் என்று தெரிய வந்தது. அதாவது இங்கே உட்கார்ந்திருக்கும் இரண்டு கர்ப்பிணிகளில் ஒருவர் என்று வைத்துக் கொள்ளுங்கள். இத்தனை ஆஸ்பத்திரிகளும், இத்தனை மாத்திரைகளும் உள்ள நம் நாட்டிலே இப்படி இருக்கிறதென்றால், தட்டிலே என்ன விழுகிறது என்று பார்க்க வேண்டாமா?

கரப்பான் கதை

கர்ப்பிணி மீன் தின்றால் பிள்ளைக்குக் கரப்பான் வரும் என்கிறார்கள். மரக்காணத்துக் கரையிலே மீன்பிடிக்கிற குப்பங்கள் வரிசையாய் இருக்கின்றன. அங்குள்ள தாய்மார்களுக்கு மீன்தான் அன்றாட ஆகாரம். இந்தச் சாஸ்திரம் நிஜமானால் அந்தக் குப்பங்களில் பிறக்கிற பிள்ளைகள் எல்லாம் உடம்பு முழுதும் கரப்பானோடு பிறந்திருக்க வேண்டுமே! அப்படியா இருக்கிறது? மீனையே கண்ணால் பார்க்காத வீட்டிலும் பிள்ளைக்குக் கரப்பான் வருகிறதே, அது எந்த மீன் தின்றதால் வந்தது? கரப்பான் என்பது தோலின் சுபாவத்தையும், வீட்டிலே வழிவழியாய் வரும் ஆஸ்துமா, ஒவ்வாமை முதலியவைகளையும் ஒட்டி வருவது. மீன் ஒத்துக்கொள்ளாத தேகம் சிலருக்கு உண்டு. தின்றவுடன் தடிப்பும் மூச்சுத் திணறலும் வருமானால் அவர்கள் கர்ப்பமானாலும் கர்ப்பமில்லாவிட்டாலும் மீனைத் தொடக் கூடாது. அது வேறு விஷயம்.

மீனும் மோரும் சேர்ந்தால் வெண்குஷ்டம் வரும் என்று இன்னொரு கதை. வெண்திட்டு என்பது தோலுக்கு நிறம் கொடுக்கும் அணுக்கள் அழிவதனால் உண்டாவது. மீனுக்கும் மோருக்கும் அதில் ஒரு சம்பந்தமும் இல்லை.

இனி விரதக் கணக்குக்கு வாருங்கள். செவ்வாய் கூடாது, வெள்ளி கூடாது, சனி கூடாது. திங்கள் சிலருக்கு, வியாழன் சிலருக்கு. அமாவாசை, கிருத்திகை தனி. புரட்டாசி மாதம் முழுதும் தனி. எல்லாம் கழித்தால் வாரத்தில் புதனும் ஞாயிறும் மிஞ்சுகின்றன. நல்ல வேளை, கர்ப்பிணிக்கு வைத்திய சாஸ்திரம் கேட்பதும் வாரத்தில் இரண்டு நாள் மீன்தான்! ஆனால் அந்த இரண்டு நாளிலும் நடப்பது என்ன? நடுத்துண்டு புருஷனுக்கு, தலை மாமனாருக்கு, மற்ற துண்டுகள் பிள்ளைகளுக்கு. எல்லோரும் எழுந்த பிறகு உட்காருகிற கர்ப்பிணிக்குச் சட்டியில் மிஞ்சுவது குழம்பும் முள்ளும். விரதம் கூட மாதத்தில் சில நாள்தான். இந்தப் பந்தி வரிசையோ வருஷம் முழுதும் பட்டினி போடுகிறது.

மீன் என்ன செய்கிறது?

வயிற்றுப் பிள்ளையின் மூளையும் கண்ணும் வளருவதற்கு ஒமேகா-3 என்கிற ஒருவகைக் கொழுப்பு வேண்டும். கடைசி மூன்று மாதங்களில் மூளை வேகமாய் வளரும்போது அது அதிகமாய்த் தேவைப்படுகிறது. அது மத்தி, கானாங்கெளுத்தி முதலிய கொழுப்புள்ள மீன்களில் தாராளமாய் இருக்கிறது. அன்றியும் மீனிலே நல்ல புரதம், அயோடின், பி12 வைட்டமின் ஆகியவை உண்டு. முள்ளோடு மென்று தின்னும் நெத்திலியில் சுண்ணாம்புச் சத்தும் உண்டு. கீரையோடு மீனையும் சேர்த்துத் தின்றால் கீரையிலுள்ள இரும்புச் சத்தையும் உடம்பு கூடுதலாய் ஏற்றுக் கொள்கிறது. இதனால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுக்கும் இரும்பு மாத்திரையை எறிந்து விடலாம் என்று எண்ண வேண்டாம். மாத்திரை வேண்டும், மீனும் வேண்டும்.

இங்கிலாந்தில் பிரிஸ்டல் நகரத்துப் பக்கம் 1991, 1992-ஆம் வருஷங்களில் கர்ப்பமாயிருந்த 11,000-க்கும் மேற்பட்ட தாய்மார்களையும் அவர்கள் பெற்ற பிள்ளைகளையும் எட்டு வயது வரையில் தொடர்ந்து கவனித்து, 2007-இல் முடிவை வெளியிட்டார்கள். வாரத்துக்கு 340 கிராமுக்குக் குறைவாக மீன் சாப்பிட்ட தாய்மாரின் பிள்ளைகளில், மொழியறிவுப் பரிட்சையில் பின்தங்கியவர்கள் அதிகமாயிருந்தார்கள். பிள்ளைக்குக் கெடுதல் வரும் என்று மீனை ஒதுக்கியவர்கள், பிள்ளைக்கு வரவேண்டிய நன்மையையும் ஒதுக்கினார்கள் என்பது இதனால் விளங்குகிறது.

பிறப்பிலேயே மீன் தின்னாத குடும்பத்துத் தாய்மார்களை நான் இப்போது தின்னும்படி கட்டாயப்படுத்த வரவில்லை. அவர்கள் பால், தயிர், பருப்பு, நிலக்கடலை, கூடுமானால் முட்டை இவற்றைக் கொண்டு சரிக்கட்ட வேண்டும். தின்கிற குடும்பத்தில் கர்ப்பிணிக்கு மாத்திரம் ஏன் இல்லை என்பதே என் கேள்வி.

அப்படியானால் எல்லா மீனும் நல்லதா?

இல்லை. "பழைய வழக்கம் பொய், ஆகையால் எதை வேண்டுமானாலும் தின்னலாம்" என்பதும் ஒரு மூடநம்பிக்கைதான். பகுத்தறிவு என்பது வழக்கத்துக்கு நேர் எதிராய் நடப்பதல்ல. காரணத்தைக் கேட்டு நடப்பது.

ஜப்பான் தேசத்தில் மினமாட்டா என்று ஒரு கடற்கரை ஊர். அங்கே ஒரு இரசாயனத் தொழிற்சாலை 1932 முதல் 1968 வரையில் பாதரசம் கலந்த கழிவைக் கடலில் விட்டுக் கொண்டிருந்தது. அந்தப் பாதரசம் மீனில் சேர்ந்தது. மீனைத் தின்ற பூனைகள் பைத்தியம் பிடித்தாற்போல் ஆடிச் செத்தன. பிறகு மனிதர்களுக்குக் கைகால் மரத்தது, கண் பார்வை குறுகியது, பேச்சுக் குழறியது. 1956-இல் நோய் வெளிப்பட்டது. எல்லாவற்றிலும் கொடுமை என்னவென்றால், தங்களுக்கு அதிகமாய் நோய்க்குறி இல்லாத தாய்மார்கள் மூளை கெட்ட பிள்ளைகளைப் பெற்றார்கள். கெட்ட வஸ்து எதுவும் நஞ்சுக்கொடியைத் தாண்டி உள்ளே போகாது என்று அதுவரையில் வைத்தியர்களே நம்பியிருந்தார்கள். அந்த நம்பிக்கை பொய் என்பதை அந்தப் பிள்ளைகளும் உலகத்துக்குக் காட்டினார்கள். அந்த ஊரின் பெயராலேயே 2013-இல் பாதரசத்தைக் கட்டுப்படுத்த உலக தேசங்கள் ஒப்பந்தம் செய்தன. நம் தேசமும் 2018-இல் அதை ஏற்றுக் கொண்டது. ஜப்பான் எங்கே, நாம் எங்கே என்று கேட்காதீர்கள். நம் கொடைக்கானலில் 2001-இல் மூடப்பட்ட வெப்பமானித் தொழிற்சாலையின் பாதரசம், அங்குள்ள ஏரியின் மீனிலும் இருந்ததாக 2006-இல் ஆராய்ச்சியாளர்கள் எழுதினார்கள்.

தொழிற்சாலை பக்கத்தில் இல்லாவிட்டாலும் நிலக்கரிப் புகை முதலியவைகளால் பாதரசம் கொஞ்சம் கொஞ்சமாய்க் கடலில் சேருகிறது. நுண்ணுயிர்கள் அதை மாற்றுகின்றன. அவற்றைச் சிறு மீன் தின்கிறது. ஆயிரம் சிறு மீனைப் பெரிய மீன் தின்கிறது. பெரிய மீன் பல வருஷம் உயிரோடிருந்து அவ்வளவையும் தன் சதையில் சேர்த்து வைக்கிறது. வட்டிக்காரன் பெட்டியில் ஊரார் பணமெல்லாம் சேருவது போலத்தான். இது சதையோடு ஒட்டிய நஞ்சு. மஞ்சள் போட்டுக் கழுவினாலும் போகாது, பொரித்தாலும் போகாது, புளி விட்டுக் கொதிக்க வைத்தாலும் போகாது. ஆகவே எவ்வளவு பெரிய மீனோ, எவ்வளவு வயதான மீனோ, அவ்வளவு ஜாக்கிரதை வேண்டும். சுறா, தளப்பத்து, மயில்மீன் ஆகியவற்றைக் கர்ப்பிணிகளும் பால் கொடுக்கும் தாய்மாரும் விட்டு விட வேண்டும். பெரிய சூரையையும் அப்படியே விட்டு விடுங்கள். அமெரிக்க அரசாங்கம் கர்ப்பிணிகளுக்கு வேண்டாம் என்று சொன்ன மீன்களில் நம் வஞ்சிரத்தின் இனத்தைச் சேர்ந்த பெரிய மீனும் ஒன்று. ஆகையால் பெரிய வஞ்சிரத்தை எப்போதாவது ஒரு சிறு துண்டோடு நிறுத்திக் கொள்வது நல்லது என்பது என் அபிப்பிராயம்.

பால் சுறா

இப்போது வேடிக்கையைப் பாருங்கள். கர்ப்பிணிக்கு மத்தி கூடாது, நெத்திலி கூடாது என்று ஒன்பது மாதம் காவல் காத்த அதே வீட்டில், பிள்ளை பிறந்ததும் என்ன செய்கிறார்கள்? "பால் சுரக்கும்" என்று சுறாவைத் தேடி வாங்கிப் புட்டு செய்து கொடுக்கிறார்கள்! எனக்கும் கொடுத்தார்கள். எந்த மீன் நல்லதோ அதற்குத் தடை. எந்த மீனில் பாதரசம் சேருமோ அதற்கு உபசாரம்.

சுறா என்றால் பால் சுரக்கும் என்பதற்கு என்ன ஆதாரம்? அதன் பெயரிலே பால் இருக்கிறது என்பதைத் தவிர வேறு ஆதாரம் எனக்குத் தெரியவில்லை. பெயரினால் பால் சுரக்குமானால் பால்கோவாக் கடைக்குப் பக்கத்தில் குடியிருந்தாலே போதுமே! தாய்க்குப் பால் சுரப்பது பிள்ளை அடிக்கடி சப்புவதனாலும், தாய் வயிறாரத் தின்று, தாகத்துக்குத் தண்ணீர் குடித்து, தூங்கி இளைப்பாறுவதனாலும்தான். பால் சுறா சிறிய ஜாதிச் சுறா, பெரிய சுறா அளவுக்குப் பாதரசம் அதில் இராது என்று சொல்லலாம். உண்மைதான். ஆனால் சந்தையில் துண்டு போட்டு விற்கும்போது அது எந்தச் சுறாவின் துண்டு என்று யார் கண்டது? தாய்ப்பாலிலும் பாதரசம் கொஞ்சம் கலக்கும். புட்டுதான் வேண்டுமென்றால் வேறு சின்ன மீனை அவித்து உதிர்த்துச் செய்யுங்கள். ருசிக்கு ஒன்றும் குறையாது. முன்னே தின்று விட்டோமே என்று யாரும் பயப்படவும் வேண்டாம். ஒரு வேளை இரு வேளை தின்றதனால் பிள்ளைக்குக் கெடுதல் வந்து விடாது; இனி வேண்டாம், அவ்வளவுதான்.

நம் ஊர்ச் சந்தையில் எதை வாங்குவது?

கர்ப்பிணிக்கு உத்தமமான மீன் பெரும்பாலும் விலை குறைந்த மீனாகவே இருக்கிறது. மத்தி, கவலை, கானாங்கெளுத்தி, நெத்திலி, காரப்பொடி, சங்கரா இவையெல்லாம் நல்லவை. "மத்தி ஏழை மீன், விருந்தாளி பார்த்தால் என்ன நினைப்பான்?" என்று கௌரவம் பார்க்கிறவர்கள், கௌரவத்தை வஞ்சிரத்தில் வைத்துப் பிள்ளையின் மூளையை மறந்தவர்கள். இறாலும் நண்டும் நன்றாய் வெந்தால் சாப்பிடலாம். ஏரி, அணை மீன்களில் கெண்டை, கட்லா, ரோகு, விரால் ஆகியவை நல்லவை. வளர்க்கத் தடை செய்யப்பட்ட ஆப்பிரிக்கக் கெளுத்தியை வாங்காதீர்கள். அது பல இடங்களில் இறைச்சிக் கழிவு போட்டு வளர்க்கப்படுவது. பேத்தை மீனை யாருமே தின்னக் கூடாது. அதன் விஷம் கொதிக்க வைத்தாலும் போகாது.

அளவு என்ன? வாரத்துக்கு இரண்டு அல்லது மூன்று வேளை, மொத்தம் 225 கிராம் முதல் 340 கிராம் வரை. நல்லது என்பதற்காகத் தினம் கிலோக் கணக்கில் தின்னச் சொல்லவில்லை.

திண்டிவனத்துக்கு மரக்காணம் சுமார் 35 கிலோமீட்டர். விழுப்புரத்துக்குப் புதுச்சேரியும் கடலூரும் அதைவிடச் சற்று அதிக தூரம். கரையிலே துள்ளிய மீன், ஐஸ் இல்லாமல் வெயிலிலே நம் ஊர் வந்து சேருவதற்குள் கெட்டுப் போகலாம். கானாங்கெளுத்தி, சூரை, மத்தி ஆகியவை சூட்டில் கிடந்தால் அவற்றில் ஒரு விஷப்பொருள் உண்டாகும். அது சமைத்தாலும் அழியாது. முகம் சிவந்து, தலைவலியும் வாந்தியும் வரும். ஆகையால் மீனுக்கு அடியிலும் மேலும் ஐஸ் போட்டு விற்பவரிடம் வாங்குங்கள். கண் தெளிவாய்ப் புடைத்திருக்கிறதா, செவுள் சிவப்பாய் இருக்கிறதா, விரலால் அமுக்கினால் சதை எழும்புகிறதா, கடல் வாடை வீசுகிறதா அல்லது நாறுகிறதா என்று பாருங்கள்.

நம் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கடலுக்குப் போகத் தடை உண்டு. அந்த 61 நாளும் தூரத்திலிருந்து பல நாள் பெட்டியில் கிடந்த மீன் அதிகமாய் வரும். அப்போது ஏரி மீனை வாங்குவது மேல். 2018-இல் கேரளத்தில் ஃபார்மலின் தடவிய மீன் வண்டி வண்டியாய்ப் பிடிபட்டதைக் கேட்டிருப்பீர்கள். அது பிணத்தைக் கெடாமல் வைக்கும் மருந்து. மருந்து வாடை அடித்தாலும், பல நாள் ஆன மீன் விறைத்துப் போய்ப் புதிதுபோலத் தோன்றினாலும் வாங்க வேண்டாம். மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலரிடம் புகார் கொடுங்கள். ஈ மொய்க்கவில்லை என்பதை மாத்திரம் வைத்து முடிவு கட்டாதீர்கள்.

சமைக்கும்போது சதை முள்ளை விட்டுப் பிரியும் வரையில் வேக வேண்டும். கர்ப்பகாலத்தில் உடம்பின் எதிர்ப்புச் சக்தி குறைவதனால் அரைவேக்காட்டில் உள்ள கிருமி தாயையும் தாண்டிப் பிள்ளையை எட்டக் கூடும். நேற்றைய மீன் குழம்புதான் ருசி என்று நாம் எல்லோரும் சொல்லுவோம். நானும் சொல்லுவேன். ஆனால் கர்ப்பிணிக்கு, ராத்திரி முழுதும் அடுப்பங்கரையில் கிடந்த குழம்பு வேண்டாம். குளிர்பெட்டியில் வைத்து மறுநாள் கொதிக்கக் கொதிக்கக் காய்ச்சினால் சாப்பிடலாம். கருவாட்டில் உப்பு அதிகம். இரத்தக் கொதிப்பு உள்ளவர்கள் தவிர்க்க வேண்டும். மீன் ஈரல் எண்ணெய் மாத்திரையை வைத்தியரைக் கேட்காமல் விழுங்காதீர்கள். அதிலுள்ள 'ஏ' வைட்டமின் அளவு மீறினால் கருவுக்குக் கெடுதல்.

ஆண் தோழர்களுக்கு

கடைசியாக ஆண்களுக்கு ஒரு வார்த்தை. நான் சொன்னதை எல்லாம் பெண்கள் கேட்டுப் பிரயோஜனம் என்ன? சந்தைக்குப் போகிறவர் நீங்கள். எந்த மீன் என்று தீர்மானிப்பவர் நீங்கள். முதலில் உட்காருகிறவரும் நீங்கள். மேடையிலே பெண்ணுரிமை பேசி விட்டு வீட்டிலே நடுத்துண்டைத் தன் தட்டில் போட்டுக் கொள்ளுகிறவருடைய பேச்சுக்கு என்ன மதிப்பு? வருகிற ஞாயிற்றுக்கிழமை ஒரு காரியம் செய்யுங்கள். அரைக்கிலோ மத்தி வாங்கி வாருங்கள். குழம்பு கொதித்ததும், வயிற்றில் பிள்ளையோடு நிற்கிறவளை முதலில் உட்கார வையுங்கள். அவள் தட்டில் முதல் துண்டை உங்கள் கையால் போடுங்கள். அம்மா ஏதாவது சொன்னால் கோபிக்காதீர்கள். அந்த அம்மாளும் ஒரு காலத்தில் குழம்பையும் முள்ளையும் தின்று பிள்ளை பெற்றவர்தான். அவருக்கும் ஒரு துண்டு போட்டு, காரணத்தை எடுத்துச் சொல்லுங்கள்.

என் இரண்டாவது பிரசவத்தின்போது என் மாமியாரிடம் நான் இப்படித்தான் பேசினேன். சண்டை போடவில்லை, கேள்வி கேட்டேன். "அத்தை, குப்பத்துப் பிள்ளைகளுக்கு ஏன் கரப்பான் இல்லை?" என்றேன். இரண்டு நாள் ஒன்றும் சொல்லவில்லை. மூன்றாம் நாள் அவரே கூடைக்காரம்மாவைக் கூப்பிட்டு நெத்திலி வாங்கினார். அந்தப் பிரசவத்துக்கு எனக்கு இரத்தம் ஏற்ற வேண்டியதாயில்லை.

ஆகையால் தோழர்களே, நான் சொன்னதை நான் சொன்னேன் என்பதற்காக நம்ப வேண்டாம். உங்கள் சுகாதார நிலையத்து நர்சம்மாவையும் டாக்டரையும் கேளுங்கள். உங்கள் புத்தியைக் கொண்டும் யோசியுங்கள். சரியென்று பட்டால், வருகிற ஞாயிற்றுக்கிழமையே ஆரம்பியுங்கள் என்று கேட்டுக் கொண்டு என் பேச்சை முடித்துக் கொள்கிறேன்.